பழைய துவக்கில் ஆசை வைத்தவருக்குப் பத்துச் சொல்

கண்டியில் அனுமதி பெற்ற துவக்குக் கடையொன்றின் பின்கட்டில் திருத்த வேலை பழகி, அதிலேயே தலை நரைத்தவன் நான். தோட்டத்துப் பங்களாக்களிலிருந்து வந்த இரட்டைக் குழல்களும், பன்றி விரட்டும் கமக்காரரின் ஒற்றைக் குழல்களும்தான் எங்களுக்குச் சோறு போட்டன. இப்போது என்னைத் தேடி வருகிற பிள்ளைகள் கேட்பது வேறு. "ஐயா, பழைய பட்டாளத்துத் துவக்கு ஒன்று வாங்கித் திருத்திச் சுட்டுப் பார்க்க வேண்டும், எங்கே தொடங்குவது?" என்கிறார்கள். கனடாக்காரரும் அமெரிக்கரும் லீ-என்ஃபீல்ட் றைபிள் சுடுகிற காட்சிகளைப் போனில் பார்த்த ஆசை அது. ஆசையில் பிழையில்லை. வாங்கு, திருத்து, சுடு என்கிற அந்த வரிசை மட்டும் இந்த நாட்டுக்கு ஒத்துவராது. இங்கே முதலில் கண்ணால் படிக்க வேண்டும், பிறகு சட்டம் தெரிய வேண்டும். கையில் எடுப்பது அதற்கும் பிறகுதான்.

1. நூதனசாலையில் தொடங்குங்கள்.

தலதா மாளிகைக்குப் பக்கத்தில், அரசியர் வாழ்ந்த கட்டடத்தில் கண்டி தேசிய நூதனசாலை இருக்கிறது. கொழும்பு நூதனசாலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்டி இராச்சியத்துத் துவக்கு என்றால் என்ன என்பதைக் கண் முதலில் பழக வேண்டும். பின்கட்டை இரண்டாகப் பிளந்தோ சுருண்டோ இருக்கும். பூட்டு இடப்பக்கத்தில் இருக்கும். ஐரோப்பியத் துவக்குகளில் அது வலப்பக்கம். குழலில் மகர முகம் செதுக்கியிருப்பார்கள், கட்டையில் தந்தமும் வெள்ளியும் பதித்திருப்பார்கள். கொழும்பில் லேவ்கே திசாவையின் பீரங்கியைத் தவறவிடாதீர்கள். 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டபோது எடுத்துப் போனது அது. ஆம்ஸ்டர்டாமில் நெடுங்காலம் இருந்துவிட்டு, 2023இல் இரண்டு பெருந்துவக்குகளோடும் வாள்களோடும் நாடு திரும்பியது. வெண்கலக் குழலில் பொன், வெள்ளி, மாணிக்கம். போருக்கென்று செய்யாமல் அரசனுக்குக் காணிக்கையாகச் செய்யப்பட்ட ஆயுதங்களும் உண்டென்று அதைப் பார்த்தால் விளங்கும். படிக்க வேண்டுமென்றால் ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட கண்டிக் கலைகள் பற்றிய நூலும், பி.ஈ.பி. தெரணியகல 1942இல் சிங்கள ஆயுதங்கள் பற்றி எழுதிய கட்டுரையும் போதும்.

2. ஊரின் போர்க்கதை தெரியாமல் துவக்கைப் பற்றிப் பேசாதீர்கள்.

பேராதனைப் பூங்காவுக்கு எதிரே, மகாவலிக்கு அக்கரையில் கன்னொறுவை. 1638இல் போர்த்துக்கேயப் படை அங்கேதான் அழிந்தது. வெள்ளைக்காரரைப் பார்த்துத் துவக்குச் செய்யக் கற்ற நம் தீவின் கொல்லர், அதற்குள் அவர்களே வியக்கிற அளவுக்குத் தேறியிருந்தார்கள். 1803இல் மேஜர் டேவியின் ஆங்கிலப் படை வட்டப்புளுவையில் ஆயுதத்தைக் கீழே வைத்தது. 1815இல் இராச்சியம் வீழ்ந்தது. 1900இல் தோட்டத்துரைமார் றைபிள் படை என்று ஒன்று கிளம்பியது, தலைமையகம் கண்டி. ஐரோப்பியரை மட்டுமே சேர்த்தார்கள். 1914இல் அவர்களில் ஒரு பிரிவு எகிப்துக்குக் கப்பலேறி, பிறகு கலிப்பொலியில் ஜெனரல் பேர்ட்வூட்டின் காவலராக நின்றது. 1949இல் அந்தப் படை கலைந்தது. மலைநாட்டுக்கு றைபிள் துரையின் தோளில் வந்தது. கொழுந்து பறித்த நம் பாட்டன் பாட்டிமார் அதைக் குழலின் மறுபக்கத்திலிருந்து பார்த்தார்கள். 1944இல் மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியக் கட்டளையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். கெட்டம்பேயில் போர் மயானம் இருக்கிறது. ஒருநாள் போய்க் கல்லெழுத்துகளை வாசியுங்கள். இந்தக் கதைகளில் எதிலும் பொருந்தாத துவக்கை ஒருவன் "கண்டிச் சாமான்" என்று விற்க வந்தால் உங்களுக்குச் சந்தேகம் வர வேண்டும்.

3. சட்டத்தை முதலில் கையில் எடுங்கள்.

நம்மை ஆள்வது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச்சட்டம். 1996இல் அதைத் திருத்தித் தண்டனைகளைக் கடுமையாக்கினார்கள். அனுமதிப்பத்திரமில்லாமல் வைத்திருப்பது குற்றம், தானியங்கித் துவக்கென்றால் ஆயுள் தண்டனை வரை போகும். அனுமதி ஒவ்வொரு டிசம்பர் 31ஆம் திகதியோடும் முடிகிறது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பயிர்ப் பாதுகாப்பு, தற்பாதுகாப்பு, விளையாட்டு என்று காரணம் காட்ட வேண்டும். "பழையது பிடிக்கும்" என்று மட்டும் எழுதி அனுமதி வாங்கிய ஒருவரையும் நான் கண்டதில்லை. தற்பாதுகாப்புக்கென்று கொடுத்தவற்றைக்கூட மீள ஒப்படைக்கும்படி 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சு கேட்டது. திருத்துவதற்கும் விற்பதற்கும் தனி அனுமதி வேண்டும். வெடிமருந்துக்கு 1956ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் வேறு இருக்கிறது. ஆகவே வீட்டு கராஜில் துவக்குத் திருத்துகிற கனவை இன்றே விடுங்கள்.

4. 1815 மார்ச் 2 என்ற திகதியை மனப்பாடம் செய்யுங்கள்.

கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச்சட்டம் அந்த நாளையே கோடாகக் கிழித்திருக்கிறது. அதற்கு முற்பட்டதென்று கருதத்தக்க பொருள் தொல்பொருள். அனுமதியில்லாமல் அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. வீட்டுப் பரணிலோ, அத்திவாரம் வெட்டுகிற இடத்திலோ அப்படியொன்று அகப்பட்டால் விலை விசாரிக்கப் போகாதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் பொலிசுக்கும் தொல்பொருள் திணைக்களத்துக்கும் அறிவியுங்கள். எவ்வளவு ஆழத்தில், எந்தப் பக்கம் பார்த்து, எதோடு கிடந்தது என்பதெல்லாம் அந்தத் துவக்கின் வரலாறு. இடம் மாற்றிய நிமிடமே பாதி வரலாறு போய்விடும்.

5. இடியன் துவக்கைப் பார்த்து அரசன் காலத்தது என்று ஏமாறாதீர்கள்.

வாய்ப்பக்கமாக மருந்து இடித்துச் சுடுவதெல்லாம் பழையதல்ல. கிராமங்களில் தண்ணீர்க் குழாயில் செய்த இடியன்கள் நேற்றுச் செய்தவையாகவும் இருக்கும். அதையே விலங்கு வரும் பாதையில் கம்பி இழுத்துக் கட்டினால் கட்டுத்துவக்கு. பன்றிக்கு வைத்ததில் சிறுத்தையும் மாட்டியது, மனிதர் காலும் போனது. அதை வாங்குகிறவன் கூட்டுக் குற்றவாளி. இன்னொரு பக்கம், சுற்றுலாப் பயணிகளுக்கென்று புதிதாகச் செய்து, சாணத்திலும் உப்பிலும் புதைத்துத் துருவேற்றிய "பழங்காலத்து" சாமான்கள். குழலின் உள்ளே பற்றுவைத்த தையல் தெரிகிறதா, புரியாணி இயந்திரத்தில் வெட்டியதா, பள்ளங்களில் மட்டும் கறுப்பும் மேடுகளில் ஒரே சீரான துருவும் இருக்கிறதா என்று பாருங்கள். உண்மையான தேய்மானம் கை படுகிற இடத்தில்தான் இருக்கும்.

6. இரும்பில் வெட்டிய எழுத்தைப் படிக்கப் பழகுங்கள்.

வெளிநாட்டில் உறவினர் வீட்டிலோ நூதனசாலையிலோ ஒரு லீ-என்ஃபீல்டைப் பார்க்கக் கிடைத்தால், போல்ட்டுக்குக் கீழே பின்கட்டை சேருகிற இரும்பு வளையத்தைப் பாருங்கள். முடி, அரசர் பெயரின் முதலெழுத்து, ஆலை, ஆண்டு, மாதிரி எல்லாம் அங்கே இருக்கும். என்ஃபீல்ட், பி.எஸ்.ஏ., இந்தியாவின் இசாப்பூர், அவுஸ்திரேலியாவின் லித்கோ என்று ஆலைகள் பல. 1907இல் வந்த மாதிரி முதலாம் உலகப் போரைக் கண்டது. நான்காம் இலக்க மாதிரி 1941 முதல் பெருவாரியாக வந்தது. பிறகு இலக்கங்களை ஒப்பிடுங்கள். குழலிலும் உடலிலும் போல்ட்டிலும் ஒரே இலக்கமென்றால் ஒன்றாகப் பிறந்தவை. மாறியிருந்தால் எவனோ உதிரிகளைக் கோர்த்திருக்கிறான். டி.பி. என்று ஆங்கிலத்தில் வெட்டியிருந்தால் அது அணிவகுப்புப் பழக மட்டும் ஒதுக்கியது. அதைச் சுடவே கூடாது.

7. காலியாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

பட்டறையில் முதல் நாள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான். துவக்கின் வாய் எந்த நேரமும் ஆளில்லாத பக்கம் பார்க்க வேண்டும், விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். வாய்வழித் துவக்கில் இன்னொரு ஆபத்து உண்டு. தாத்தா காலத்தில் இடித்த மருந்து இன்னும் உள்ளேயே இருக்கலாம். கறுப்பு மருந்து ஈரம் படாமலிருந்தால் தலைமுறை கடந்தும் பற்றும். பட்டறையில் ஒரு மரக் கம்பியை வாய்வழியே அடிவரை விட்டு விளிம்பில் குறி போட்டு, அதே கம்பியைக் குழலுக்கு வெளியே பிடித்துப் பார்ப்போம். பற்றவைக்கும் துளைக்கு எட்டாமல் நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அப்படியொன்று வீட்டில் அகப்பட்டால் நீங்கள் கம்பி விடவும் வேண்டாம், தோண்டவும் வேண்டாம், சூடு காட்டவும் வேண்டாம். பொலிசைக் கூப்பிடுங்கள்.

8. பளபளப்பாக்காதீர்கள்.

அனுமதியோடு குடும்பத்தில் இருந்து வருகிற துவக்கைப் பராமரிக்கிறவர்களுக்கு இது. குத்துவிளக்குத் தேய்ப்பதுபோல் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்த எத்தனையோ துவக்குகள் எங்கள் மேசைக்கு வந்தன. முத்திரை போய், நிறம் போய், விலையும் போய் வந்தன. மணற்கடதாசியும் வேண்டாம். கண்டியின் ஈரத்தில் இரும்புக்கு வேண்டியது காற்றோட்டமும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சும். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும்; துவக்கு எண்ணெய்தான் சரி. தோலுறைக்குள் வைத்து மூடாதீர்கள், தோல் ஈரத்தைக் குடித்து இரும்புக்குக் கொடுக்கும். வெறுங்கையால் தொட்டால் வியர்வையின் உப்பு விரல் அடையாளமாகவே துருப்பிடிக்கும், தொட்டபின் துடையுங்கள். கட்டைக்கு ஆளிவிதை எண்ணெயை மிகக் கொஞ்சமாகத் தடவித் தேய்த்தால் போதும், வார்னிஷ் பூசாதீர்கள். ஆணி கழற்றுவது, பூட்டுத் திறப்பது எல்லாம் அனுமதி பெற்ற திருத்துநரின் வேலை. துவக்கின் உரிமையாளர் இறந்துபோனால் அனுமதிப்பத்திரம் பிள்ளைக்குத் தானாக வந்துவிடாது. துக்கம் முடிந்த கையோடு பொலிஸ் நிலையத்துக்கும் கச்சேரிக்கும் சொல்லுங்கள்.

9. சுட ஆசை என்றால் சுடும் விளையாட்டைப் பழகுங்கள்.

பாடசாலையில் கடேற் படை இருந்தால் சேருங்கள். அங்கீகாரம் பெற்ற கழகமிருந்தால் வாயு றைபிளில் தொடங்குங்கள். பத்து மீற்றர் தூரத்தில் மூச்சை அடக்கி விசையை அழுத்தத் தெரியாதவன் .303 றைபிளைத் தோளில் வைத்தாலும் சத்தம்தான் மிஞ்சும். கனடாவில் பாதுகாப்புப் பயிற்சி முடித்து அனுமதி பெற்றோ, பிரித்தானியாவில் பொலிசின் சான்றிதழ் பெற்றோ பழைய றைபிள் சுடுகிற உறவினர் உங்களுக்கு இருந்தால், அவர்களுக்கு மூன்று செய்தி சொல்லுங்கள். சுடுமுன் தகுதியுள்ள திருத்துநரிடம் காட்டி, ரவையின் விளிம்புக்கும் போல்ட்டுக்கும் உள்ள இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். அது கூடிப்போனால் ரவைக்கூடு கிழிந்து வாயு முகத்துக்கு வரும். பழைய பட்டாள ரவைகளின் பற்றவைப்பு மருந்தில் குளோரேற்று இருந்தது. சுட்டபின் அது குழலில் உப்பாகப் படியும், ஈரத்தை இழுக்கும். எண்ணெயில் அந்த உப்புக் கரையாது. அன்று மாலையே கொதிநீர் விட்டுக் கழுவி, உலர்த்தி, பிறகு எண்ணெய் போட வேண்டும். இரும்பும் உருக்கும் முறுக்கிச் செய்த கோலக் குழல்களில் இக்காலப் புகையற்ற மருந்தை ஒருபோதும் போடக் கூடாது. கடைசியாக, "மாமா, ஒரு சின்ன உதிரிப்பாகம் பார்சலில் போட்டுவிடுங்கள்" என்று எவரும் கேட்கக் கூடாது. சுங்கத்தில் பிடிபடும்போது அது சின்னதாக இருக்காது.

10. இந்தப் பொருள் எதற்குச் செய்யப்பட்டது என்பதை மறக்காதீர்கள்.

1971 ஏப்ரலில் கிளர்ச்சிக்காரப் பிள்ளைகள் ஷொட்கன்னும் கையால் செய்த குண்டுமாகப் பொலிஸ் நிலையங்களைத் தாக்கினார்கள். அதன்பின் இந்த நாடு துவக்கோடு அழுத ஆண்டுகள் எத்தனை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2009 மே வரை அதன் விலையை எல்லா இனத்துத் தாய்மாரும் கொடுத்தார்கள். ஆகவே துவக்கோடு நின்று படம் எடுத்துப் பரப்பாதீர்கள். சோதனைச்சாவடியில் வளர்ந்த தலைமுறைக்கு அது விளையாட்டாகத் தெரியாது, பொலிசுக்கும் தெரியாது. பழைய ஆயுதத்தைப் பற்றிப் பேசும்போது அதை எந்தக் கொல்லன் செய்தான் என்று கேட்கிற அதே மூச்சில் யாரைச் சுட்டது என்றும் கேளுங்கள். இரண்டையும் கேட்கிறவன்தான் சேகரிப்பாளன். முதலாவதை மட்டும் கேட்கிறவன் வியாபாரி.

இவ்வளவும் கேட்டபின்னும் ஆசை குறையவில்லையென்றால் நல்லது. ஒரு கொப்பியும் பென்சிலும் வாங்குங்கள். நூதனசாலையில் அனுமதி கேட்டு, ஒரே ஒரு துவக்கின் முன்னால் உட்கார்ந்து அதன் பூட்டை வரையுங்கள்: எந்தத் துண்டு எதைத் தள்ளுகிறது, வில் எங்கே இருக்கிறது, கல் எங்கே உரசுகிறது என்று. வரைந்து முடித்து, அது எப்படி வேலை செய்கிறது என்று பக்கத்தில் நிற்பவருக்கு விளங்கப்படுத்த முடிந்த அன்றைக்கு என்னிடம் வாருங்கள். அதற்குப் பிறகு கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறேன்.