டிவிடி போன பிறகு எதில் கொடுப்பது?

கேள்வி: அரிசி ஆலைகளுக்கும் நெல் மண்டிகளுக்கும் எடைச்சீட்டு, பில், ஜிஎஸ்டி கணக்கு எல்லாம் போடும் ஒரு மென்பொருளைச் சொந்தமாக எழுதி விற்கிறேன். இதுவரை டிவிடியில்தான் கொடுத்துவந்தேன். இப்போது வாங்கும் லேப்டாப் எதிலும் டிவிடி டிரைவே இல்லை என்கிறார்கள். பென்டிரைவில் போட்டுக் கொடுக்கவா, இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளச் சொல்லவா? பல ஆலைகள் ஊருக்கு வெளியே இருப்பதால் நெட் விட்டுவிட்டுத்தான் வரும். டேட்டாபேஸோடு சேர்த்து செட்டப் ஃபைல் 1 ஜி.பி. இருக்கிறது.
– ஒரு வாசகர், ஆரணி

பதில்: முதல் தடவை பென்டிரைவில் கொடுங்கள். பிறகு வரும் திருத்தங்களை இணையம் வழியாக அனுப்புங்கள். ஆனால் டிவிடியில் இருந்ததை அப்படியே பென்டிரைவில் காப்பி செய்து கொடுத்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். டிவிடி உங்களுக்குச் சத்தமில்லாமல் ஒரு காவல் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. ஒருமுறை எழுதி மூடிவிட்ட தட்டில் வேறு எவரும் எதையும் சேர்க்க முடியாது. ஆலைக் கணினியில் எவ்வளவு வைரஸ் இருந்தாலும் உங்கள் தட்டு போனபடியே திரும்பி வரும். பென்டிரைவ் அப்படியல்ல. ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்த பென்டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 2008-ல் கிளம்பிய கான்ஃபிக்கர் என்ற வைரஸ் பரவிய வழிகளில் பென்டிரைவின் ஆட்டோரனும் ஒன்று. மைக்ரோசாஃப்ட் 2011-ல் பழைய விண்டோஸ்களிலும் பென்டிரைவ் ஆட்டோரனை நிறுத்தியது. சி.டி., டிவிடிக்கு மட்டும் விட்டுவைத்தது. காரணம் புரிகிறதல்லவா?

இந்தக் காவலை ஓரளவு திரும்பப் பெற ஒரு வழி உண்டு. சில வருடங்களுக்கு முன் நெட்செட்டர் என்ற யூஎஸ்பி இணைய மோடம் வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும்: அதைச் செருகியதும் கணினியில் ஒரு சி.டி. டிரைவ் தோன்றும், அதிலிருந்து அதன் மென்பொருள் பதிவாகும். உள்ளே சி.டி. எதுவும் கிடையாது. சிப்பின் ஒரு பகுதியை, படிக்க மட்டும் முடிகிற சி.டி.யாகக் காட்டும்படி தயாரிப்பிலேயே அமைத்திருப்பார்கள். பெயர் அச்சிட்டு மொத்தமாக பென்டிரைவ் தருகிறவர்களிடம் இப்படிச் செய்து தர முடியுமா என்று கேளுங்கள். எல்லா கண்ட்ரோலர் சிப்பும் இதற்கு ஒத்துவராது. ஒத்துவந்தால் கூடுதல் செலவு தகும். எஸ்.டி. கார்டின் ஓரத்தில் இருக்கும் பூட்டுக் குமிழை மட்டும் நம்பாதீர்கள். அது கார்டு ரீடருக்கு ஒரு சைகை காட்டும், அவ்வளவுதான். கார்டு தானாக எதையும் தடுக்காது.

மொத்தமாக வாங்கும்போது விலை மலிவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். உள்ளே 8 ஜி.பி. சிப்பை வைத்துக்கொண்டு 64 ஜி.பி. என்று கணினியிடம் பொய் சொல்லும் பென்டிரைவ்கள் ஏராளம். எழுதும்போது பிழை எதுவும் காட்டாது. உண்மையான கொள்ளளவைத் தாண்டியதும் பழைய ஃபைலின் மேலேயே எழுதும், அல்லது வந்ததையெல்லாம் விழுங்கிவிடும். உங்கள் செட்டப் 1 ஜி.பி.தான் என்பதால் உங்கள் மேஜையில் இது தெரியவே தெரியாது. ஆலைக் கணக்கர் என்ன செய்வார்? செட்டப் முடிந்ததும் சும்மா கிடக்கும் அதே பென்டிரைவில் தினமும் பேக்கப் எடுக்க ஆரம்பிப்பார். (ஆலைக்காரரின் மகன் பார்த்துவிட்டால் அது காரில் பாட்டுக் கேட்கப் போய்விடும், அது வேறு கதை.) கணினி பழுதாகி பேக்கப்பைத் திறக்கிற நாளில்தான் உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரியும். மேலே அச்சிட்டிருப்பதோ உங்கள் நிறுவனத்தின் பெயர். ஆகவே வாங்கிய ஒவ்வொரு கட்டிலும் சிலவற்றை எடுத்து ‘ஹெச்2டெஸ்ட்டபிள்யூ’ என்ற இலவச நிரலால் கடைசி எம்.பி. வரை எழுதித் திரும்பப் படித்துப் பாருங்கள். நேரம் பிடிக்கும். ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போகலாம்.

ஃபார்மேட் ஃபேட்32 போதும். ஒரே ஃபைல் 4 ஜி.பி.யைத் தொட்டால்தான் அதில் சிக்கல், உங்களுக்கு அது வராது. பழைய விண்டோஸிலும் திறக்கும்.

அடுத்தது கையெழுத்து. செட்டப் ஃபைலுக்கு டிஜிட்டல் கையெழுத்து போட்டுவிட்டால், வழியில் யாராவது அதில் ஒரு பைட்டை மாற்றியிருந்தாலும் விண்டோஸ் கண்டுகொள்ளும். ஓடவிடும்போது வெளியீட்டாளர் பெயர் தெரியாதது என்று வருகிற இடத்தில் உங்கள் பெயர் வரும். எஸ்.ஹெச்.ஏ-256 எண்ணை அச்சிட்டுக் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லலாம்தான், ஆனால் அறுவடை நேரத்தில் எந்தக் கணக்கர் 64 எழுத்துகளை ஒப்பிட்டுக்கொண்டிருப்பார்? கையெழுத்துக்கு வேண்டிய சான்றிதழுக்குக் காசு செலவாகும், காலாவதியானால் புதுப்பிக்க வேண்டும். 2023 ஜூனிலிருந்து அதன் சாவியை யூஎஸ்பி டோக்கன் மாதிரியான பாதுகாப்பான வன்பொருளில்தான் வைக்க வேண்டும். ஆடிட்டர்கள் ஜிஎஸ்டிக்கு வைத்திருக்கிற டோக்கன் இதற்கு உதவாது. மென்பொருளுக்கென்றே தனியாக வாங்க வேண்டும்.

இணையத்துக்கு வருவோம். உங்கள் 1 ஜி.பி.யில் பெரும்பகுதி டேட்டாபேஸ் இன்ஜினாகத்தான் இருக்கும். அது அடிக்கடி மாறாது. அதைத் தனியாகப் பிரித்துவிட்டால், வரி விகிதம் மாறும்போது அனுப்ப வேண்டிய திருத்தம் சில எம்.பி.க்குள் அடங்கிவிடும். செல்போன் ஹாட்ஸ்பாட்டே போதும். பாதியில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி உங்கள் சர்வரில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம் வேண்டாம். ஆறு மாதம் முன்பு அனுப்பிய ஃபைலை யாரோ யாருக்கோ ஃபார்வர்டு செய்ய, எந்த ஆலையில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

டிவிடி டிரைவ் உள்ள பழைய கணினியை வைத்திருப்பவர்கள் கேட்டால் டிவிடியே கொடுங்கள். ஒட்டும் லேபிள் மட்டும் வேண்டாம், சற்று விலகி ஒட்டினாலும் சுழலும்போது தட்டு ஆடும். மார்க்கர் பேனாவால் பதிப்பு எண்ணை எழுதினால் போதும்.

ஆலையிலிருந்து திரும்பி வரும் பென்டிரைவை நீங்கள் நிரல் எழுதும் கணினியில் செருகவே செருகாதீர்கள். நெட்வொர்க்கில் சேராத ஒரு பழைய கணினியை அதற்கென்றே ஒதுக்குங்கள். அதிலேயே முழுதாக அழித்து, மாஸ்டரிலிருந்து புதிதாக எழுதி, அடுத்த ஆலைக்கு அனுப்பலாம்.