வடசென்னையும் கேமராவும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்றதும் நம் மனத்தில் வரும் காட்சிகளில் பெரும்பாலானவை சினிமாவும் செய்திப் படங்களும் தந்தவை. நேரில் போய்ப் பார்த்தவர்கள் குறைவு. ஆனாலும் அந்த மக்கள் யார், எப்படிப்பட்டவர்கள் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். புகைப்படத்தைப் பற்றி நாம் ஆராயாமல் ஏற்றுக்கொண்ட சில கருத்துகளே இதற்குத் துணைபோகின்றன.

நம்பிக்கை 1: கேமரா பொய் சொல்லாது.

எதைச் சட்டத்துக்குள் வைப்பது, எதை விலக்குவது என்று தீர்மானிப்பவர் படம் எடுப்பவர். 1857 கிளர்ச்சிக்குப் பின், 1868 முதல் 1875 வரை, ‘தி பீப்பிள் ஆஃப் இந்தியா’ என்ற புகைப்பட நூல் எட்டுத் தொகுதிகளாக வந்தது. ஆளப்படுவோரை இனவாரியாக அடுக்கி வைக்கும் முயற்சி அது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன், மக்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார். 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த அவரது நூலில், மனிதர்கள் தத்தம் சாதிக்கோ குலத்துக்கோ மாதிரியாக நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் எட்வர்ட் கர்ட்டிஸ் தொல்குடியினரின் கூடாரத்தில் எடுத்த படம் ஒன்றில் கடிகாரம் இருந்தது; அதை அழித்துவிட்டே அச்சிட்டார். படத்தில் தெரிவது உண்மையில் இருந்தது என்பதால் நாம் நம்பிவிடுகிறோம். நீக்கப்பட்டது நம் கண்ணுக்கு எட்டுவதே இல்லை.

நம்பிக்கை 2: பழங்குடியினர் மலையிலும் காட்டிலும் வாழ்பவர்கள், துறைமுகப் பகுதியில் அவர்கள் ஏது?

எண்ணூர்க் கழிமுகத்தில் இருளர் பழங்குடியினர் இருக்கிறார்கள். கொசஸ்தலை ஆற்றில் இறங்கி, சேற்றை வெறுங்கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். இரண்டு கைகளும் தண்ணீருக்குள் வேலையாக இருப்பதால், பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொள்கிறார்கள். அதே ஆற்றங்கரையில்தான் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியும் நிற்கிறது. அதன் சாம்பல் கழிமுகத்தில் படிந்து கிடக்கிறது. புகைபோக்கியை வெட்டிவிட்டுப் பறியை மட்டும் காட்டும் படம், கர்ட்டிஸ் கடிகாரத்துக்குச் செய்ததையே செய்கிறது. பாடப்புத்தகமும் சுற்றுலா விளம்பரமும் பழங்குடியினரை மலையடிவாரத்தோடு நிறுத்திவிடுவதால் இந்தப் பிழை நிலைக்கிறது. விளைவு, கழிமுகம் ஆளற்ற சதுப்பாகக் கருதப்படுகிறது. ஆளற்ற இடத்தில் எதைக் கொட்டினாலும் கேட்பார் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழிமுகத்தில் பரவியபோது, அங்கே பிழைப்பு நடத்துவோர் இருப்பதே பலருக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

நம்பிக்கை 3: அவலத்தைக் காட்டினால்தான் உதவி வரும்.

நல்லெண்ணத்தில் பிறந்த கருத்து என்பதால் இதை யாரும் எதிர்ப்பதில்லை. ஆனால் கண்ணீர் முகங்களை மட்டும் பார்த்துப் பழகிய சமூகம், அந்த மக்களை நிவாரணத்துக்குக் கையேந்துபவர்களாகவே நினைக்கும். எந்த மாதத்தில் எந்த இடத்தில் இறால் கிடைக்கும் என்ற அறிவும், ஆற்றின் மீது தலைமுறைகளாக உள்ள உரிமையும் படத்தில் வருவதில்லை. உரிமை கேட்க வேண்டிய இடத்தில் இரக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கழிவைக் கொட்டியவரும் கேள்விக்கு ஆளாகாமல் தப்பிக்கிறார்.

நம்பிக்கை 4: பாதிக்கப்பட்டவர்களே எடுக்கும் படம் ஒருதலைப்பட்சமானது, கலையும் ஆகாது.

வெளியிலிருந்து வருபவரின் பார்வை நடுநிலையானது என்ற எண்ணமே இதன் அடிப்படை. தர்ஸ்டன்கூட அறிவியலின் பெயரால்தான் அளந்தார். மதுரைப் பக்கம் மீன் விற்கும் தாயின் மகனாகப் பிறந்த புகைப்படக் கலைஞர் எம். பழனிக்குமார், ‘பாரி’ இணைய ஆவணகத்துக்காக எண்ணூர் இருளர்களின் உழைப்பைப் பதிவு செய்திருக்கிறார். அதோடு நில்லாமல், தூய்மைப் பணியாளர், மீனவர் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் புகைப்படக் கலையைக் கற்றுக்கொடுத்தார். வடசென்னை இளைஞர்கள் எடுத்த படங்கள் ‘ரீஃபிரேம்டு’ என்ற கண்காட்சியாக வந்தன. அது நடந்த இடம் தர்ஸ்டன் கோலோச்சிய அதே எழும்பூர் அருங்காட்சியகம். தங்கள் வீட்டையும் வேலையையும் எதிர்க்கரைத் தொழிற்சாலையையும் ஒரே சட்டத்துக்குள் வைக்கும் துணிவு, அங்கே வாழ்பவர்களுக்கு இயல்பாக வருகிறது. அதை ஒருதலைப்பட்சம் என்று தள்ளினால், நேரில் கண்ட சாட்சியைத் தள்ளுகிறோம்.

நம்பிக்கை 5: அப்படியானால் வெளியாள் யாரும் படமே எடுக்கக் கூடாது.

இப்படி யாரும் கோரவில்லை. விவாதத்தைத் திசைதிருப்ப இது எளிய வழி, அவ்வளவுதான். சம்மதம் கேட்டு எடுப்பது, எடுத்த படத்தை அவர்களிடம் காட்டுவது, அவர்கள் விரும்பினால் பெயரோடு வெளியிடுவது, அவர்கள் எடுத்த படத்துக்கும் அதே பக்கத்தில் அதே மதிப்பும் ஊதியமும் தருவது: கோரிக்கை இவ்வளவே. இவற்றுக்குப் புதுச் சட்டம் தேவையில்லை. பத்திரிகைகளும் அருங்காட்சியகங்களும் கல்லூரிகளும் நாளைக்கே நடைமுறைப்படுத்தலாம். வாசகர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. வடசென்னையைப் பற்றிய படம் ஒன்றைப் பகிர்வதற்கு முன், இதை எடுத்தவர் யார், இதிலிருப்பவரின் பெயர் ஏன் இல்லை என்று கேட்க வேண்டும். பதில் கிடைக்காத படத்தை ஆதாரமாகக் கொண்டு ஒரு மக்களை எடைபோடுவதை நாம் நிறுத்தியாக வேண்டும்.