புள்ளிக்கும் விலை உண்டு

கண்ணு, டேப்லெட் வடிவமைக்கும் வேலையில் சேர்ந்திருக்கிறாய் என்று கேட்டதும் மனம் நிறைந்தது. நான் இடறிய கற்களை உனக்குக் காட்டிவிடுகிறேன்.

1. கணக்கை முழுதாகப் போடு. 2011-இல் வந்த ஐபேட் 2-இன் திரை 1024×768 புள்ளிகள். மறு ஆண்டு வந்த மூன்றாம் ஐபேடில் 2048×1536. புள்ளிகள் நான்கு மடங்கு. இரண்டும் 10 மணி நேரம் தாங்கும் என்றார்கள். அந்தப் பத்தை மட்டும் பார்த்து, கூர்மை சும்மா கிடைத்ததென்று நம்பினேன். பேட்டரி 25 வாட்-மணியிலிருந்து 42.5 ஆனதையும், எடை 601 கிராமிலிருந்து 652 ஆனதையும் பிறகுதான் கவனித்தேன்.

2. காரணத்தைத் தேடிப் போ. புள்ளி சிறுத்த அளவுக்கு அதனுள் இருக்கும் டிரான்சிஸ்டரும் கம்பியும் சிறுப்பதில்லை. சன்னலில் கம்பியை நெருக்கி வைத்தால் வீடு இருட்டும் அல்லவா? அதுபோல ஒளி அடைபடும். பின்விளக்கைக் கூட்ட வேண்டிவரும். அத்தனை புள்ளிகளையும் வரைய சிப்பும் கூடுதலாக உழைக்கும்.

3. பெருமைக்கு ஆசைப்படாதே. ஒருமுறை நான் வடிவமைத்த டேப்லெட்டுக்கு, பேட்டரியைப் பெருக்காமலே கூர்மையான திரைதான் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தேன். சார்ஜரில் செருகியபடியே சோதித்து மகிழ்ந்தேன். பிறகு, அந்த டேப்லெட்டை ஏந்தி வீடு வீடாகப் போன ஒரு சுகாதாரப் பணியாளரைப் பார்த்தேன். சார்ஜ் மிச்சப்பட வெளிச்சத்தைக் குறைத்து, உள்ளங்கையால் வெயிலை மறைத்து, கண்ணைச் சுருக்கிப் படித்துக்கொண்டிருந்தார். நான் கொடுத்த புள்ளிகளில் ஒன்றுகூட அவருக்கு உதவவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

4. கஞ்சத்தனமும் வேண்டாம். சிறிய எழுத்தில் ‘ன’வும் ‘ண’வும் குழம்பினால் படிப்பவருக்குத்தான் தலைவலி. 38 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால், அங்குலத்துக்குச் சுமார் 230 புள்ளிகளுக்கு மேல் நல்ல கண்ணாலும் பிரித்தறிவது கடினம். பசிக்குப் பரிமாறு, இலை நிறைய வேண்டும் என்பதற்காகப் பரிமாறாதே.

5. பொறுமை பழகு. 2013-இல் வந்த ஐபேட் ஏரில் அதே 2048×1536, அதே 10 மணி நேரம், பேட்டரி 32.4 வாட்-மணி, எடை 469 கிராம். முந்திய ஆண்டுகளில் சுமையாக இருந்ததை உழைப்பு இறக்கி வைத்தது. இன்று முடியாததை முடியாது என்று சொல்லிவிட்டு, நாளைக்காக வேலை செய்.

6. வடிவமைப்புக்கு ஒப்புதல் கையெழுத்திடும் முன், சார்ஜரை வீட்டில் விட்டுவிட்டு ஒரு நாள் முழுக்க உன் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நட. மாலையில் உன் கை சொல்வதைக் கேட்டு முடிவெடு.