காருக்கும் சட்டை மாற்ற வேண்டும்
(மூன்றாமாண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். காரைக் கட்டிப்பார் என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் இங்கிலாந்தில் அதையும் செய்திருக்கிறார்கள். வீட்டுக் கொட்டகையிலேயே கார் கட்டி ஓட்டியிருக்கிறார்கள். நமது பட்டறையில் நிற்கும் இரண்டு இருக்கை சிவப்புக் காரும் அந்த வம்சம்தான். இந்த ஆண்டு அதன் உள்பக்கப் பேனல்களை மாற்றும் வேலை எங்கள் ஐந்து பேர் குழுவுக்குக் கிடைத்தது. கற்றுக்கொண்டதை, அடுத்து வரும் தம்பி தங்கைகளுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

கிட் கார் வந்த கதை

1957-இல் காலின் சாப்மேன் 'லோட்டஸ் செவன்' என்ற சிறிய காரைக் கொண்டுவந்தார். அப்போது பிரிட்டனில் முழுக் காராக வாங்கினால் பர்ச்சேஸ் டாக்ஸ் என்ற வரி கட்ட வேண்டும். பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொண்டால் அந்த வரி இல்லை. எனவே பலர் பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டினார்கள். 1973-இல் அந்த வரி போய் வாட் வரி வந்தது, சலுகையும் போயிற்று. அதே ஆண்டில் செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்கு மாறியது. பிறகு 1996-இல் ரான் சாம்பியன் என்பவர், 250 பவுண்டில் இதே பாணிக் காரைக் கட்டுவது எப்படி என்று ஒரு புத்தகமே எழுதினார். அதன்படி கட்டப்படும் கார்களுக்கு 'லோகாஸ்ட்' என்று பெயர். அதாவது குறைந்த செலவுக் கார்!

நம் காரும் அதே பாணிதான். முன்பு படித்த அண்ணன்மார்கள் 25 மி.மீ. சதுர இரும்புக் குழாயில் சட்டம் அடித்து, 796 சி.சி. மாருதி 800 இன்ஜினை வைத்து ப்ராஜெக்டாகச் செய்தது. இப்படிக் கட்டிய வண்டியை நம் நாட்டில் சாலையில் ஓட்ட, சோதனைச் சான்றும் பதிவும் வேண்டும். ஆகவே அது கல்லூரி வளாகத்தைத் தாண்டியதில்லை.

மேற்கூரை இல்லாத வண்டி. பல மழை பார்த்துவிட்டது. ரெக்சின் கிழிந்து, உள்ளே இருந்த ஹார்டுபோர்டு ஊறி அப்பளம்போல உப்பியிருந்தது. "இதைக் கண்டம் பண்ணிடலாம்" என்ற பேச்சும் எழுந்தது. பிரேக் லைன், வயரிங் எல்லாவற்றையும் பயமில்லாமல் பிரித்துப் பழக நமக்கு இருப்பது இந்த ஒரே வண்டி. அது போனால் ஜூனியர்களுக்குக் கரும்பலகைப் படம்தான் மிச்சம். அதனால்தான் இந்த வேலையைக் கேட்டு வாங்கினோம்.

தோல் வேறு, சட்டை வேறு

இந்த வகைக் காரில் இரண்டு விதப் பேனல் உண்டு. முதலாவது, சட்டத்தோடு ரிவெட் அடித்த அலுமினியத் தகடு. இது தோல் மாதிரி. சட்டம் முறுக்கிக்கொள்ளாமல் தாங்குவதில் இதற்கும் பங்கு உண்டு. இரண்டாவது, அதன்மேல் வரும் ரெக்சின் ஒட்டிய பலகை. இது சட்டை. கண்ணில் படுவது சட்டைதான். கிழிந்த சட்டையைக் கழற்றினால், புதுசு போடும் முன் உடம்பில் காயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரையின் சாரமே இதுதான்.

பிரிப்பது

முதல் வேலை, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுவது. பேனலுக்குப் பின்னால் வயர், பிரேக் பைப், பெட்ரோல் லைன் போகலாம். பார்க்காமல் டிரில் வைக்கவே கூடாது. இருக்கைகளை எடுத்த பின், ஒவ்வொரு பேனலையும் கழற்றும்போதே பின்பக்கம் 'இடது, மேல், முன்' என்று எழுதிவிட வேண்டும். ரிவெட்டை எடுக்க, அதன் விட்டமே உள்ள பிட்டால் தலையை மட்டும் சீவினால் போதும். துளை பெரிதாகாது.

என் அப்பா சீட் தைக்கும் தொழிலாளி. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். வேலை கிடைத்ததைச் சொன்னபோது அவர் சொன்னது: "தம்பி, பழசப் பிரிக்கிறப்போ அவசரப்படாத. அது எப்படிக் கெட்டுச்சுன்னு அதுவே சொல்லும்."

அப்படியே நடந்தது. இடது பேனல் கீழ்ப்பக்கம் மட்டும் ஊறியிருந்தது. அப்படியானால் தண்ணீர் மேலிருந்து ஒழுகவில்லை, கீழே தேங்கியிருக்கிறது. பார்த்தால், தரையின் வடிகால் துளை பழைய பசையால் அடைபட்டுக் கிடந்தது. அலுமினியமும் இரும்பும் தொடும் இடத்தில் வெள்ளை வெள்ளையாகத் தூள். அப்பா இதை "உப்புப் பூத்திருக்கு" என்பார். நம் பாடத்தில் கால்வனிக் அரிமானம் என்று படிக்கிறோம். இரண்டு வேறு உலோகமும் நடுவில் ஈரமும் இருந்தால் மின்கலம் ஆகிவிடும். இந்த ஜோடியில் அரிபடுவது அலுமினியம்.

கடைசியில் சுத்தியலால் குழாய்களைத் தட்டிக்கொண்டே வந்தோம். 'டங், டங்' என்று வந்த சத்தம் ஓரிடத்தில் 'டொக்' என்றது. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினோம், உள்ளே போய்விட்டது. அது சீட் பெல்ட்டின் கீழ்முனை பூட்டியிருக்கும் குழாய்! வெறும் ரெக்சினை மட்டும் மாற்றியிருந்தால் வண்டி பளபள என்று இருந்திருக்கும். அவசர பிரேக்கில் பெல்ட் கையோடு வந்திருக்கும். பெட்ரோல் டாங்கை இறக்கிவிட்டு, துருப்பிடித்த துண்டை வெட்டி, பட்டறை ஆசிரியர் புதுக் குழாய் வைத்து வெல்டிங் செய்தார்.

புதிது செய்வது

உப்பிய பலகையை வைத்து அளவு எடுத்தால் புதியதும் தப்பாகத்தான் வரும். கெட்டி அட்டையைச் சட்டத்தின்மேல் வைத்து, சட்டத்திலிருந்தே வடிவம் எடுக்க வேண்டும். ஹார்டுபோர்டுக்குப் பதில் 4 மி.மீ. நீர்தாங்கும் ப்ளைவுட் போட்டோம். வாங்கும்போது ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது மெரைன் ப்ளைவுட்டுக்கான தரம். ரெக்சின் மடிந்து வருவதால் ஒவ்வொரு விளிம்பிலும் சுமார் 1.5 மி.மீ. குறைத்து வெட்ட வேண்டும். வெட்டிய விளிம்பிலும் திருகுத் துளையிலும் வார்னிஷ் அவசியம். ஈரம் நுழையும் வாசல் அதுதான்.

ரெக்சினைச் சுற்றிலும் 25 மி.மீ. கூடுதலாக விட்டு வெட்டுங்கள். ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவு காய்ந்த பிறகே சேர்க்க வேண்டும். உள்வளைவில் வெட்டுக் கொடுத்தும், வெளிமூலையில் 'வி' வடிவில் துண்டு எடுத்தும் மடித்தால் சுருக்கம் விழாது. இந்த இடத்தை மட்டும் அப்பா நேரில் வந்து காட்டிக்கொடுத்தார்.

அலுமினியத் தகடு ஒன்றையும் மாற்றினோம். இங்கே ஒரு சின்னக் கணக்கு. தகடு 1.2 மி.மீ., குழாய்ச் சுவர் 1.6 மி.மீ., மொத்தம் 2.8. ரிவெட் விட்டம் 3.2. நீளம் = மொத்தக் கனம் + விட்டத்தின் ஒன்றரை மடங்கு. அதாவது 2.8 + 4.8 = 7.6. எனவே 8 மி.மீ. ரிவெட். துளை 3.3 மி.மீ. இரும்பில் ப்ரைமர் அடித்து, நடுவில் சீலன்ட் வைத்த பிறகே தகட்டைப் பூட்ட வேண்டும். இரண்டு உலோகமும் நேரடியாகத் தொடக் கூடாது.

சட்டைப் பேனலுக்கு ரிவெட் வேண்டாம், திருகு போதும். மறுபடி திறக்க வேண்டி வருமே! உடம்பு படும் இடத்தில் கூரான விளிம்பும் இருக்கக் கூடாது. பிரிட்டனில் இத்தகைய கார்களுக்கு 2009 முதல் உள்ள ஐ.வி.ஏ. சோதனையில் இதையும் கவனிக்கிறார்கள்.

படிப்பு எதற்கு?

எங்கள் வீட்டில் டிப்ளமோ வரை வந்தது நான்தான். "சீட் வேலைக்கு எதுக்குப் படிப்பு?" என்று சொந்தக்காரர்கள் கேட்பதுண்டு. உப்புப் பூப்பது அப்பாவின் கைக்குத் தெரியும். அது ஏன் பூக்கிறது, எப்படித் தடுப்பது, எத்தனை மி.மீ. ரிவெட் வேண்டும் என்பதைப் புத்தகம் எனக்குச் சொன்னது. ரெக்சின் மூலையை மடிப்பதைப் புத்தகம் சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை முழுமை. கைத்தொழில் தெரிந்த வீட்டிலிருந்து வரும் நண்பர்களே, அதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

வண்டி இப்போது கண்டத்துக்குப் போகவில்லை. ஜூனியர்களின் பிரேக் லேபில் நிற்கிறது. ஒவ்வொரு பேனலின் பின்னாலும் மாற்றிய தேதி, வயர் போகும் வழி, வெல்டிங் செய்த இடம் மூன்றையும் மார்க்கரில் எழுதியிருக்கிறோம். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும் திருகுகளைக் கழற்றிப் பாருங்கள். வடிகால் துளையில் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். குழாயைத் தட்டுங்கள். 'டங்' என்றால் மூடுங்கள். 'டொக்' என்றால் மூடாதீர்கள்.