புது பேட்டரி வாங்கும் முன் மீட்டரைக் கையில் எடுங்கள்

ட்ரெய்லரில் கரண்ட் நிற்கவில்லை என்று கடைக்குப் போனால் முதலில் வரும் பதில், "பேட்டரி போச்சு". நம்பிவிடாதீர்கள். பேட்டரியைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும். ஃபீனிக்ஸில் நாங்கள் போன சர்வீஸ் கடை எங்களுக்குப் புது பேட்டரிகள் விற்றது. அவை படுத்ததும் இன்னொரு ஜோடி விற்கப் பார்த்தது. கோளாறு இருந்ததோ சில டாலர் விலையுள்ள ஃபியூஸில். அதைக் கண்டுபிடித்தது அந்தக் கடை அல்ல, நான்.

எங்கள் ட்ரெய்லரில் இரண்டு 6 வோல்ட் கோல்ஃப் வண்டி பேட்டரிகளைத் தொடராக இணைத்து 12 வோல்ட் எடுக்கிறோம். பழைய ஜோடி அரிசோனா வெயிலில் தண்ணீர் வற்றிக் கெட்டிருந்தது, அதை மாற்றியதில் தவறில்லை. மாற்றிய விதத்தில்தான் தவறு. காரில் கறுப்பு வயர் நெகட்டிவ். ட்ரெய்லரின் வீட்டுப் பகுதி வயரிங்கில் வழக்கமாகக் கறுப்புதான் பாசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ். கார் வேலையில் பழகிய மெக்கானிக் கறுப்பைக் கொண்டுபோய் நெகட்டிவில் வைத்தார். பளிச்சென்று பொறி பறந்தது. சட்டென்று வயரை மாற்றி மாட்டினார். "என்ன ஆயிற்று?" என்று கேட்டது நான். "ஒன்றுமில்லை" என்று அவர் பதில் சொன்னது என் கணவரிடம்.

அந்தப் பொறியில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். வெளியிலிருந்து வரும் 120 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றி, பேட்டரியையும் சார்ஜ் செய்யும் பெட்டிக்குக் கன்வெர்ட்டர் என்று பெயர். பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் கன்வெர்ட்டர் எரியாமல் காக்க, அதன் முகப்பில் பிளேடு ஃபியூஸ்கள் இருக்கும். கண நேரம் தவறாக மாட்டினாலே அவை போய்விடும். அதன் பிறகு பிளக்கைச் செருகினாலும் கன்வெர்ட்டரிலிருந்து பேட்டரிக்கு எதுவும் வராது. ஆனால் விளக்கு எரியும், பம்ப் ஓடும். எல்லாம் பேட்டரியின் சேமிப்பில் ஓடுவது நமக்குத் தெரியாது. வீட்டு வாசலில் பிளக் போட்டு வைத்திருக்கிறோம், சார்ஜ் ஏறுகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, கேஸ் கசிவு அலாரம் ஒன்றே இரவும் பகலும் சொட்டுச் சொட்டாக அதைக் குடித்துக்கொண்டிருக்கும்.

விளைவு கிராண்ட் கேன்யனில் தெரிந்தது. தென் விளிம்பு ஏறக்குறைய 7,000 அடி உயரம். அங்குள்ள மாதர் முகாமில் மின் இணைப்பு கிடையாது. ஜெனரேட்டரையும் குறிப்பிட்ட நேரத்தில்தான் ஓட்டலாம். அக்டோபர் இரவில் ஹீட்டர் நின்றுபோனது. சிலிண்டர் நிறையப் புரோபேன் இருந்தது. ஆனால் ஹீட்டரின் விசிறிக்கு ஏழெட்டு ஆம்ப் வேண்டும். வோல்ட் இறங்கி விசிறி மெதுவானால், காற்றின் வேகத்தைப் பார்க்கும் சுவிட்ச் மூடாது, தீயும் பற்றாது. குழந்தைகளைக் காருக்குள் தூங்க வைத்தோம்.

திரும்பி வந்து கேட்டபோது கடை சொன்னது: "நீங்கள் முழுக்கத் தீர்த்துவிட்டீர்கள், இதற்கு வாரண்டி கிடையாது." லெட்-ஆசிட் பேட்டரி காலியாகவே கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து கெடும் என்பது உண்மை. காலியாகக் கிடந்தது யாரால் என்ற கேள்விக்குத்தான் அங்கே பதில் இல்லை. அன்று மாலையே மல்டிமீட்டர் வாங்கினேன்.

நீங்களும் இதைச் செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்கி, எல்லாவற்றையும் அணைத்துச் சில மணி நேரம் விட்டு, பேட்டரி முனைகளில் அளவெடுங்கள். 12.6 அல்லது அதற்கு மேல் என்றால் நிறைவு. 12.1 வாக்கில் பாதி. அதற்குக் கீழே இறங்க விடாதீர்கள். பிறகு பிளக்கைச் செருகி, அதே முனைகளில் மறுபடி அளவெடுங்கள். 13 வோல்ட்டைத் தாண்டி, பெரும்பாலும் 13.6 வாக்கில் நிற்க வேண்டும். அசையாமல் நின்றால் கன்வெர்ட்டரிலிருந்து எதுவும் வரவில்லை என்று பொருள். எங்களுடையது அசையவில்லை. பிளக்கையும் பிடுங்கி, பேட்டரி இணைப்பையும் கழற்றிய பிறகு ஃபியூஸை எடுத்துப் பாருங்கள். கண்ணை நம்பாமல் மீட்டரை வைத்துப் பாருங்கள். எங்கள் கன்வெர்ட்டரில் இரண்டு ஃபியூஸ்களுமே போயிருந்தன. அதே ஆம்பில் புதியவை போட்டதும் வோல்ட் ஏறியது.

மற்றவை எல்லோருக்கும் தெரிந்தவைதான்: முனைகளில் பூத்திருப்பதைச் சோடா மாவுக் கரைசலால் கழுவுங்கள், தகடு மூழ்குமளவு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள், வண்டியை நிறுத்தி வைக்கும்போது பேட்டரியைத் துண்டித்துவிடுங்கள். சுவரில் பேட்டரி அளவைக் காட்டும் நான்கு விளக்குகளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

நண்பர்கள் வட்டத்தில் ஒருவர் இன்றும் விடுவதில்லை: "அக்கா, பேசாம லித்தியம் போட்டிருக்கலாம்." போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஃபியூஸ் போனால் லித்தியத்துக்கும் சார்ஜ் ஏறாது. இன்னும் அதிகப் பணம் கொடுத்து அதே குளிரில் நடுங்கியிருப்போம். தவிர, லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. நாங்கள் விரும்பிப் போவதெல்லாம் குளிர்ந்த மலைகள். எங்கள் பழைய கன்வெர்ட்டரும் அதற்கு ஏற்றதல்ல. லெட்-ஆசிடிலேயே இருக்கிறோம், அதில் எனக்கு வருத்தமில்லை.

பேட்டரி மாற்றக் கொடுத்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். வயரைக் கழற்றும் முன் எது எங்கே இருந்தது என்று படம் எடுங்கள். வேலை முடிந்ததும், "பிளக்கைச் செருகி, பேட்டரியில் எத்தனை வோல்ட் வருகிறது என்று காட்டுங்கள்" என்று கேளுங்கள். 13-க்கு மேல் காட்டும்வரை பணத்தை எடுக்காதீர்கள். அதைக் காட்ட மறுக்கும் கடையில் உங்கள் வண்டிக்கு வேலை இல்லை.