ஒரு குடம் தண்ணீரில் ஒரு பாத்தி

சென்ற ஆண்டு, இத்தாவில் இருந்த ஒரு சகோதரியின் வீட்டுக்கு நம் அறக்கட்டளையின் மாதாந்திர மளிகைப் பையைக் கொண்டுபோயிருந்தேன். வாசலில் பையை வாங்கியவர் அவருடைய மாமியார். "அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் இருக்கு தம்பி. கொழம்புல போடத்தான் ஒரு கத்தரிக்கா இல்ல" என்றார். குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார்.

காய்கறியை மாதக் கணக்கில் பையில் கட்டிக் கொடுக்க முடியாது. நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் பெண்ணும், மூட்டுவலியோடு இருக்கும் மாமியாரும் தினமும் சந்தைக்கு யாரை அனுப்புவார்கள்? காய் அவர்கள் வீட்டு முற்றத்திலேயே காய்த்தால்தான் உண்டு. அதற்கான வழி மேட்டுப்பாத்தி. ஆனால் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் அதை எப்படிக் கட்டுவது என்பதில் நானே ஒருமுறை தோற்றிருக்கிறேன். அதிலிருந்து தொடங்குகிறேன்.

நான் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு படத்தைப் பார்த்து, என் வீட்டு முற்றத்தில் இரண்டரை அடி உயரத்துக்குச் செங்கல் வைத்துப் பாத்தி கட்டினேன். செம்மண் நிரப்பி, தக்காளி நட்டு, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினேன். பங்குனியில் மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்தது. சித்திரையில் செடி கருகியது.

மழை அதிகமான நாடுகளில் தண்ணீர் வடிவதற்காகப் பாத்தியை உயர்த்துகிறார்கள். நமக்கு ஆண்டு மழை சராசரியாக 800 மில்லிமீட்டர் அளவுதான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டியே கொட்டித் தீர்ந்துவிடும். பாத்தி உயர உயர நான்கு பக்கமும் வெயிலும் காற்றும் பட்டு மண் சீக்கிரம் காயும். இங்கே பாத்தியின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது உயரம் அல்ல, வீட்டில் மிஞ்சும் தண்ணீர்.

அப்படியானால் தரையிலேயே நடலாமே என்று கேட்கலாம். கரிசல் மண் மழையில் ஊதிக்கொண்டு தண்ணீரைத் தேக்கும், வேர் அழுகும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், வேர் அறுபடும். இந்த இரண்டிலிருந்தும் தப்ப ஓர் அடி உயரம் போதும்.

தண்ணீர்க் கணக்கு

எட்டு அடி நீளம், மூன்று அடி அகலம் உள்ள பாத்திக்குச் சாதாரண நாளில் 10 முதல் 12 லிட்டர், கடுங்கோடையில் சுமார் 15 லிட்டர் தண்ணீர் வேண்டும். அதாவது ஒரு பிளாஸ்டிக் குடம்.

அந்தக் குடம் நம் வீட்டிலேயே இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் ஒளு செய்தார்கள் என்று ஹதீஸ் நூல்களில் வருகிறது. அது ஒரு லிட்டருக்கும் குறைவு. நாம் குழாயைத் திறந்துவிட்டு அதைவிடப் பல மடங்கு செலவழிக்கிறோம். செம்பில் எடுத்து ஆளுக்கு ஒரு லிட்டரில் ஒளு செய்தால்கூட, ஐந்து பேர் மூன்று வக்துக்கு வீட்டில் ஒளு செய்யும்போது 15 லிட்டர் சேரும். அடியில் ஓர் அகலமான பாத்திரம் வைத்துப் பிடித்தால் போதும். ஒளு செய்த தண்ணீரில் மறுபடி ஒளு செய்ய முடியாதே தவிர, அது அசுத்தமல்ல; செடிக்கு ஊற்றத் தடையில்லை. அரிசி, காய் கழுவிய தண்ணீரையும் ஊற்றலாம். சோப்பு, சலவைத்தூள் கலந்த தண்ணீர் வேண்டாம். கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் அதையும் தவிர்க்கவும்.

ஆப்பிரிக்காவின் லெசோத்தோ நாட்டில் ஏழைக் குடும்பங்கள் இதே கணக்கில்தான் தோட்டம் போடுகின்றன. வட்டமான மேட்டுப்பாத்தியின் நடுவில் குச்சிகளால் ஒரு கூடை நட்டு, அதில் சமையல் கழிவைப் போட்டு, வீட்டில் மிஞ்சிய தண்ணீரை ஊற்றுகிறார்கள். எருவும் ஈரமும் நடுவிலிருந்து வேருக்குப் பரவுகின்றன. நோயாளிகளும் முதியவர்களும் அதிகம் குனியாமல் பார்த்துக்கொள்ளும்படி அமைந்த முறை அது.

கட்டும் முறை

1. இடம்: வீட்டின் கிழக்குப் பக்கம் நல்லது. காலை வெயில் கிடைக்கும். பிற்பகலில் வீட்டு நிழல் விழும். சுவரிலிருந்து மூன்று அடி தள்ளிப் போடவும். அஸ்திவாரத்தை ஒட்டிக் கரிசலை நனைத்தால் மண் ஊதிச் சுவர் வெடிக்கும்.

2. தரை: மண் லேசான ஈரத்தில் இருக்கும்போது கடப்பாரையால் அரை அடி ஆழம் கிளறவும். அடியில் சிமெண்ட் பூச வேண்டாம். மழைநீர் இறங்கினால்தான் உப்பும் இறங்கும்.

3. சுற்றுச்சுவர்: ஹாலோ பிளாக், பழைய செங்கல், பனைமரத் துண்டு எதுவானாலும் சரி. உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஓடு மட்டும் கூடாது; அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும். மூட்டுவலி உள்ளவர்களுக்காகச் சுவரை உயர்த்த வேண்டாம். பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தால், மூன்று அடி அகலத்தை இரண்டு பக்கமிருந்தும் கை எட்டும்.

4. மண்: கண்மாய் வண்டல் அல்லது செம்மண் இரண்டு பங்கு, அந்த இடத்துக் கரிசல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு. மொத்தம் 24 கன அடி. கொத்தனார் சாந்துச் சட்டியில் ஏறக்குறைய 50 சட்டி. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆடு கட்டியிருந்த வீடுகளில் புழுக்கையைக் குப்பையில் கொட்டாமல் மூன்று மாதம் மக்க வைத்தால் நல்ல எரு. பச்சையாகப் போட்டால் வேர் வெந்துவிடும்.

5. பானை: வர்ணம் பூசாத புது மண்பானைகள் இரண்டைக் கழுத்துவரை புதைத்துத் தண்ணீர் நிரப்பவும். மண் காயக் காயத் தண்ணீர் தானே கசியும். சீனாவில் 2000 ஆண்டுகளுக்கு முன்பே இருந்த முறை இது. கொசு முட்டையிடாதபடி வாயை இறுக மூடிவைப்பது கட்டாயம்.

6. மூடாக்கு: கடலைத்தோல், காய்ந்த இலை, வைக்கோல் எதையாவது இரண்டு அங்குலம் பரப்பவும். தண்டைத் தொடாமல் விடவும், கரையான் ஏறும். மண்ணில் இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு கலப்பது நல்லது.

எதை, எப்போது?

ஆடி, ஆவணியில் பாத்தியை நிரப்பி, புரட்டாசியில் நாற்று நட்டால் மழைக்காலம் பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். இரண்டடி இடைவெளியில் எட்டுச் செடிகள் பிடிக்கும்: நான்கு கத்தரி, இரண்டு தக்காளி, இரண்டு மிளகாய். நடுவில் தண்டுக்கீரை தூவினால், பெரிய செடிகள் படரும் முன் 25, 30 நாளில் பறித்துவிடலாம். கோடையில் தக்காளியோடு மல்லுக்கட்ட வேண்டாம். வெப்பத்தில் பூ உதிரும். அப்போது சீனியவரையும் வெண்டையும் போடலாம். இடமிருந்தால் பாத்தியின் மேற்கே ஒரு முருங்கை நடவும். அது நிழலும் தரும், கீரையும் தரும்.

தோட்டக்கலைத் துறை காய்கறி விதைகளை மானிய விலையில் வழங்குவதுண்டு. வட்டார அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

அந்த வீட்டில்

அந்தச் சகோதரியின் முற்றத்தில் இளைஞர்கள் சிலர் ஒரே காலைப்பொழுதில் பாத்தி கட்டிக் கொடுத்தார்கள். ஒளுத் தண்ணீரைச் சேர்ப்பது மாமியாரின் வேலை ஆனது. மார்கழியில் நான் போனபோது, "இந்த மாசம் பையில எண்ணெய மட்டும் வைங்க தம்பி, பருப்ப வேற வீட்டுக்குக் குடுங்க" என்றார். போகும்போது என் கையில் ஐந்து கத்தரிக்காயைத் திணித்தார். வாங்கும் கையாகவே அவரை நினைத்திருந்த எனக்குச் சற்று வெட்கமாகத்தான் இருந்தது.

ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால் அது நட்டவருக்கு ஸதகா ஆகும் என்பது நபிமொழியின் கருத்து. தருமம் பெறும் வீடும் தருமம் செய்யும் வீடாக மாற மூன்றடி அகலம் போதுமாயிருக்கிறது. பாத்தி கட்ட ஆள் துணை இல்லாத வீடுகள் ஆடி மாதத்துக்குள் அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். அதுவரை ஒரு வேலை: ஒரு நாள் முழுதும் ஒளுத் தண்ணீரைப் பிடித்து அளந்து பாருங்கள். உங்கள் பாத்தி எவ்வளவு பெரிது என்பது அப்போது தெரியும்.