சாக்ஸபோன் மவுத்பீஸும் நம்ம 'ஃபிட்ஸ்' பாடமும்

'லிமிட்ஸ் அண்ட் ஃபிட்ஸ்' என்றாலே நம் வகுப்பில் பாதிப் பேருக்குக் கொட்டாவி வந்துவிடும். கிளியரன்ஸ், டிரான்சிஷன், இன்டர்ஃபியரன்ஸ் என்று மூன்றையும் பரீட்சைக்கு உருப்போட்டுவிட்டு மறுநாளே மறந்துவிடுவோம். எனக்கு அந்தப் பாடம் விளங்கியது அப்பாவின் சாக்ஸபோனில்தான்.

சாக்ஸபோன் என்றதும் பலருக்கு 1994-ல் வந்த 'டூயட்' படம் ஞாபகம் வரும். அதில் வாசித்தவர் கத்ரி கோபால்நாத் (1949-2019). பெல்ஜியத்தில் பிறந்த அடோல்ஃப் சாக்ஸ் உருவாக்கி 1846-ல் காப்புரிமை பெற்ற கருவியில், கர்நாடக சங்கீதத்தின் கமகங்களைப் பேச வைத்த மேதை. ஆனால் கீழப்பழுவூர்ப் பக்கம் சாக்ஸபோன் என்றால் பேண்டு செட்தான். கல்யாண ஊர்வலம், காவடி, சாவு எல்லாவற்றுக்கும் அப்பா ஊதுவார். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்.

விஷயத்துக்கு வருவோம். கருவியின் வளைந்த கழுத்துக் குழாயின் நுனியில் ஒரு கார்க் பட்டை ஒட்டியிருக்கும். அதன் மேல்தான் மவுத்பீஸ் ஏறி உட்காரும். சீவாளியின் அடியை நூலால் கட்டிக் கெண்டையில் ஏற்றுகிறார்களே, அது மாதிரி. மவுத்பீஸை உள்ளே தள்ளினால் காற்றுத் தம்பம் குறையும், சுருதி ஏறும். வெளியே இழுத்தால் இறங்கும். பங்குனி, சித்திரை வெயிலில் காற்றில் ஒலியின் வேகம் கூடுவதால் சுருதி தானாகவே ஏறிக்கொள்ளும். ஆகவே கொஞ்சம் வெளியே இழுத்து வைக்க வேண்டும். இங்கேதான் சங்கடம். பழைய கார்க் அமுங்கித் தேய்ந்திருந்தால் மவுத்பீஸ் முழுக்க உள்ளே தள்ளினால்தான் நிற்கும். இழுக்க வேண்டிய நேரத்தில் தள்ளி வைத்து ஊதினால் கிளாரினெட் ஒரு பக்கம், சாக்ஸபோன் ஒரு பக்கம் போகும். அடுத்த வருஷம் அந்தக் கோயில்காரர்கள் வேறு செட்டைக் கூப்பிட்டுவிடுவார்கள். புது மவுத்பீஸ் வாங்கினாலோ நாலைந்து கல்யாணக் கூலி போய்விடும். பழுது கார்க்கில் இருக்கும்போது அது வீண் செலவும்கூட.

"ஏம்ப்பா, பேப்பரு சுத்துனா நிக்காதா?" என்றார் அப்பா.

"நிக்கும்ப்பா. எச்சில் பட்டு ஊறினா அதுவும் நழுவும்" என்றேன். அவசரத்துக்குப் பேப்பர் சரி, ஒரு ஊர்வலம் தாங்கும்.

ஏன் கார்க்? அதை அமுக்கினால் ரப்பரைப் போலப் பக்கவாட்டில் பிதுங்காது. பாய்சான் விகிதம் ஏறக்குறைய பூஜ்யம். (ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் நோட்டைப் புரட்டிப் பாருங்கள்!) அதனால்தான் பாட்டிலுக்கும் அதுவே மூடி. போர்ச்சுகல் நாட்டில் கார்க் ஓக் மரத்தின் பட்டையை ஒருமுறை உரித்தால் மறுபடி உரிக்க 9 வருஷம் காத்திருப்பார்களாம். மோட்டார் கடையில் கிடைக்கும் கேஸ்கெட் கார்க் தூளை அழுத்திச் செய்தது. சீவினால் ஓரம் உதிரும். இசைக்கருவிக் கடையில் முழுக் கார்க் ஷீட் கேட்டு வாங்குவதே நல்லது.

பழைய கார்க்கைச் சுரண்டிப் பித்தளையைத் துடைக்க வேண்டும். புதுப் பட்டையின் ஒரு முனையைச் சாய்வாகச் சீவி, இரு பரப்பிலும் செருப்புக் கடை ரப்பர் பசை தடவி, கை ஒட்டாத அளவு காய்ந்ததும் சுற்ற வேண்டும். சாய்வின் மேல் மறுமுனை ஏறி உட்காரும். மறுநாள் எமரித் துணியை நாடாவாகக் கிழித்து, ஷூவுக்குப் பாலீஷ் போடுவது போல இழுத்துத் தேய்க்கலாம். நாலு இழுப்புக்கு ஒருமுறை மாட்டிப் பாருங்கள், ஏனென்றால் தேய்ந்த கார்க் திரும்பி வராது. கிரீஸ் தடவித் திருகினால் ஏற வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் விழக்கூடாது. இதுதான் நம் இன்டர்ஃபியரன்ஸ் ஃபிட்.

கார்க் சரியாக இருந்தும் கீச்சென்று கத்தினால் ரீடும் அது படுக்கும் மேடையும் பொருந்தவில்லை என்று சந்தேகப்படலாம். ரீடைக் கட்டி, பின்துளையை உள்ளங்கையால் மூடி, காற்றை உறிஞ்சிவிட்டு வாயிலிருந்து எடுங்கள். ரீடு ஓரிரு விநாடி ஒட்டி நின்று 'டப்' என்று விட்டால் பொருத்தம் நன்று. உடனே விட்டால் காற்று கசிகிறது. முதலில் வேறு ரீடு போட்டுப் பாருங்கள், பாதிக் கேஸ் அதிலேயே தீரும். அப்போதும் கசிந்தால் மேடையைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து, நடுவில் இடைவெளி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஃபிட்டிங் ஷாப்பில் சர்ஃபேஸ் பிளேட்டில் நீலம் தடவிப் பார்க்கிறோமே, அதே வேலை. இடைவெளி இருந்தால் 1000-ஆம் நம்பர் எமரித் தாளைக் கண்ணாடி மேல் நனைத்து வைத்து மெதுவாக இழுக்கலாம். நனைப்பது அவசியம், எபோனைட் தூசி நெஞ்சுக்கு ஆகாது. அழுத்தம் மேடை மேல் மட்டும் இருக்கட்டும். நுனிப் பக்கத்தை நாம் தொடவே கூடாது. ஆல்ட்டோ சாக்ஸபோனில் நுனித் திறப்பு சுமார் 1.5 முதல் 2 மி.மீ. வரைதான். அதில் 0.1 மி.மீ. மாறினாலும் ஊதுகிறவர் வாய்க்குத் தெரிந்துவிடும்.

கார்க் தடிமனாக இருக்கும்போது பலவந்தமாகத் திருகி, மவுத்பீஸின் அடிப்பகுதியில் கீறல் விழுந்தவர்களும் உண்டு. அதற்கு நம் லேத் போதும். வெர்னியரில் வெளி விட்டம் அளந்து, பித்தளையில் மெல்லிய வளையம் கடைந்து, கீறலில் அரால்டைட் விட்டு, வளையத்தை ஏற்றி ஒருநாள் காய விடலாம். வளையத்தைச் சுத்தியால் அடித்து ஏற்ற வேண்டாம், இழுத்தடைத்த பொருத்தம் எபோனைட்டுக்குத் தாங்காது.

கடைசியாக, மவுத்பீஸை வெந்நீரில் கழுவாதீர்கள். எபோனைட் என்பது கந்தகம் நிறையச் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். சூடு பட்டால் பச்சையாக நிறம் மாறி நாறும். பச்சைத் தண்ணீரில் அலசித் துணியால் துடைத்தால் போதும்.